‘கேன்’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ முன்னால் வந்தால் ‘கோ அவுட்’ என்ன ஆகும்? வேன் ஓட்டும் ஒரு தம்பிக்குப் பதில்

கேள்வி கேட்டவர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. இப்போது வேன் ஓட்டுகிறார். ஈப்போ ரயில் நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றி, கோலகங்சார், லெங்கோங் என்று சுற்றிக்காட்டி, சாயங்காலம் ஹோட்டலில் இறக்கிவிடும் வேலை. அவர் கேட்டது இதுதான்: “‘கோ அவுட்’, ‘கம் பேக்’, ‘பிக் அப்’ எல்லாம் தனித்தனியாகத் தெரியும் டீச்சர். முன்னால் ‘கேன்’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ வந்தால்தான் குழப்பம். எங்கே ‘டு’ போடுவது? எங்கே ‘வென்ட்’ வரும், எங்கே ‘கான்’ வரும்? ‘ஹி மஸ்ட் வென்ட் அவுட்’ என்று சொன்னேன், பயணி ஒருவர் திருத்தினார். என்ன தப்பு?”

தம்பி, இந்த விஷயத்தில் நீங்கள் பேசும் தமிழே உங்களுக்குப் பெரிய துணை. ‘வெளியே போகலாம்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். வெளியே, போக, லாம். ஆங்கிலத்தில் இது ‘கேன் கோ அவுட்’. லாம், போக, வெளியே. அதே மூன்று துண்டுகள், தலைகீழ் வரிசையில். ‘திரும்பி வர முடியும்’ என்றால் ‘கேன் கம் பேக்’. ‘உள்ளே போகணும்’ என்றால் ‘மஸ்ட் கோ இன்’. தமிழ் வினையை வாலிலிருந்து தலைக்கு வாசித்தால் ஆங்கிலம் வந்துவிடுகிறது. அதே ரயில்தான், இன்ஜின் மட்டும் மறுமுனையில் மாட்டியிருக்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ‘லாம்’ என்பது ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. நான் போகலாம், அவர் போகலாம், அவர்கள் போகலாம். ‘கேன்’, ‘குட்’, ‘மே’, ‘மைட்’, ‘மஸ்ட்’, ‘ஷல்’, ‘ஷுட்’, ‘வில்’, ‘வுட்’ ஒன்பதும் அப்படித்தான்; இவற்றை மோடல் என்பார்கள். ‘ஹி’ வந்தாலும் ‘தே’ வந்தாலும் ஒரே வடிவம். ‘லாம்’ என்பதற்கு முன்னால் வரும் ‘போக’ என்பதையும் யாரும் மாற்றுவதில்லை. ‘போனலாம்’ என்று தமிழ் தெரிந்த எவரும் சொல்ல மாட்டார்கள். ‘குட் வென்ட் அவுட்’ என்பது ஆங்கிலக்காரர் காதில் ‘போனலாம்’ என்றுதான் விழும். ‘கேன் கோஸ் அவுட்’ என்பதும் அதே ரகம். ‘அவுட்’, ‘பேக்’, ‘ஆஃப்’, ‘அப்’ போன்ற சின்னச் சொற்களோ காலம் மாறினாலும் ஆள் மாறினாலும் அசையவே அசையாது.

‘டு’ பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மேலே சொன்ன ஒன்பதுக்கும் பின்னால் ‘டு’ கிடையாது. ‘ஹேவ் டு’, ‘நீட் டு’, ‘ஆட் டு’ ஆகியவற்றில் ‘டு’ கூடவே பிறந்தது. அதை விடக் கூடாது.

தமிழ் நம்மைத் தடுக்கி விழ வைக்கும் இடமும் ஒன்று உண்டு. தமிழில் இரண்டு துணைவினைகளை அடுக்கலாம். ‘திரும்பிப் போக வேண்டியிருக்கலாம்’ என்பதில் ‘வேண்டும்’ இருக்கிறது, ‘லாம்’ இருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் ‘வி வில் கேன் கோ பேக்’, ‘வி மே மஸ்ட் கோ பேக்’ என்று வாயில் வந்துவிடுகிறது. பொது ஆங்கிலத்தில் ஒரு வினைக்கு ஒரு மோடல்தான். இரண்டாவது பொருளுக்கு மாற்று ஆள் வேண்டும். ‘மஸ்ட்’ இடத்தில் ‘ஹேவ் டு’, ‘கேன்’ இடத்தில் ‘பி ஏபிள் டு’. லெங்கோங் போகும் வழியில் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் ‘வி மைட் ஹேவ் டு டர்ன் பேக்’ என்று சொல்லுங்கள். வண்டியைத் திருப்ப வேண்டியிருக்கலாம் என்று பொருள். வரிசையைக் கவனியுங்கள்: இருக்கலாம், வேண்டி, திருப்ப. இதுவும் தலைகீழ்தான்.

இனி ஒரு சொல் வினைகள். ‘வெளியே போ’, ‘உள்ளே வா’ என்பவற்றில் இரண்டு துண்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஏறு, இறங்கு, கிளம்பு, எழுந்திரு, உட்கார் என்பவற்றில் தெரிவதில்லை. மலாயிலும் ‘நாயிக்’, ‘துருன்’ என்று ஒரே சொல். அதனால் நம் ஊரில் ‘யூ கேன் கெட் டவுன் ஹியர்’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். நம்மூர்க்காரருக்குப் புரியும். இங்கிலாந்திலிருந்து வந்தவருக்கோ ‘கெட் டவுன்’ என்றால் உயரத்திலிருந்து இறங்குவதும் தலையைத் தாழ்த்திக்கொள்வதும்தான் முதலில் நினைவுக்கு வரும். நின்று நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானம், கால் போட்டு உட்காரும் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. நுழைந்து உட்காரும் கார், டாக்சி, உங்கள் வேன் போன்றவற்றுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. ‘யூ கேன் கெட் அவுட் ஹியர்’ என்றால் இங்கே இறங்கிக்கொள்ளலாம். வெறுமனே ‘கெட் அவுட்!’ என்றால் விரட்டுவது. முன்னால் ‘யூ கேன்’ வந்ததும் அந்தக் கடுமை போய்விடுகிறது. மோடல் சொல்லைப் படிப்பதன் பெரிய பயனே இதுதான் என்பேன். எதிரே நிற்பவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பது அந்த ஒரு சின்னச் சொல்லில் தெரிந்துவிடும்.

அதனால் எந்த மோடல் என்பதில் நிதானம் தேவை. நம் ‘லாம்’ ஒரே ஆளாக நான்கு வேலை பார்க்கிறது. ‘இறங்கலாம்’ என்றால் அனுமதி, அங்கே ‘கேன்’ போதும். ‘கிளம்பலாமா?’ என்றால் கூட வருபவரைக் கலந்து கேட்பது, அங்கே ‘ஷல் வி செட் ஆஃப்?’ சரி. ‘கேன் வி செட் ஆஃப்?’ என்றால் நீங்கள் அவரிடம் அனுமதி கேட்பதாகிவிடும், சில நேரம் ‘இன்னும் என்ன தாமதம்?’ என்ற தொனிகூட வரும். ‘மழை வரலாம்’ என்பதற்கு ‘மைட்’. ‘நேற்றே போயிருக்கலாம்’ என்ற ஆதங்கத்துக்கு ‘குட் ஹேவ் கான்’. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

‘மே’ பற்றி ஒரு வார்த்தை. ‘யூ மே கோ இன்’ இலக்கணப்படி சரி. ஆனால் அதிகாரி ஒருவர் கதவருகே நின்று அனுமதி தருவது போல இருக்கும். ‘கோ இன்’, ‘கம் அவுட்’ போன்றவை பேச்சு வழக்கைச் சேர்ந்தவை. ‘கேன்’, ‘வில்’, ‘மைட்’ அவற்றோடு இயல்பாகப் பொருந்தும். ‘மே’ என்ற சொல்லுக்கு ‘என்டர்’, ‘ரிட்டர்ன்’ போன்ற விறைப்பான வினைகள்தாம் ஜோடி. அறிவிப்புப் பலகையில் அவை பொருந்தும். வேனுக்குள் வேண்டாம்.

‘போகணும்’ இன்னும் சிக்கல். விருப்பம், கட்டாயம், கடமை, அறிவுரை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பயணிகளிடம் “நாலு மணிக்குள்ள திரும்பி வந்துடணும்” என்று நாம் மரியாதையாகத்தான் சொல்கிறோம். அதை ‘யூ மஸ்ட் கம் பேக் பை ஃபோர்’ என்று மாற்றினால் உத்தரவு. ‘குட் யூ கம் பேக் பை ஃபோர், ப்ளீஸ்?’ என்றால் வேண்டுகோள். ரயில் நேரம், வாசல் மூடும் நேரம் போன்ற வெளிக் காரணம் இருந்தால் ‘யூ’ல் ஹேவ் டு கம் பேக் பை ஃபோர்’ என்று சொல்லலாம். கட்டாயம் உங்களிடமிருந்து வரவில்லை, சூழ்நிலையிலிருந்து வருகிறது என்று அவருக்குப் புரிந்துவிடும். ஆனால் அதே ‘மஸ்ட்’ விருந்துக்கு அழைக்கும்போது பாசமாகிவிடுகிறது. ‘யூ மஸ்ட் கம் ஓவர் ஃபார் தீபாவளி’ என்றால் ‘தீபாவளிக்கு நீங்க கட்டாயம் வீட்டுக்கு வரணும்’. கேட்பவருக்கு நன்மையாக இருந்தால் ‘மஸ்ட்’ உறுத்துவதில்லை. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் பயன்படுத்துங்கள்.

எதிர்மறையில்தான் உண்மையான ஆபத்து. ‘இறங்க வேண்டாம்’ என்று தமிழில் சொன்னால் இரண்டு பொருள் வரும். இறங்கக் கூடாது என்றும் கொள்ளலாம், இறங்க அவசியமில்லை என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் இவை வேறு வேறு. கூடாது என்றால் ‘யூ மஸ்ட்ன்ட் கெட் அவுட்’. அவசியமில்லை என்றால் ‘யூ டோன்ட் ஹேவ் டு கெட் அவுட்’. லாரிகள் பறக்கும் பெரிய சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தியிருக்கும்போது இரண்டாவதைச் சொன்னால், பயணி ‘பரவாயில்லை, காலை நீட்டிக்கொள்கிறேன்’ என்று கதவைத் திறந்துவிடுவார். இந்த இடத்தில் மலாய் கைகொடுக்கும். மனதுக்குள் ‘தக் போலே’ என்று வந்தால் ‘மஸ்ட்ன்ட்’ அல்லது ‘கேன்ட்’. ‘தக் பாயா’ என்று வந்தால் ‘டோன்ட் ஹேவ் டு’. நம் பிள்ளைகள் எல்லோருக்கும் மலாய் தண்ணீர் பட்ட பாடு. வகுப்பில் இந்த வழியைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

ஏற்றுவது, இறக்குவது பற்றி. நம் ஊர் ஆங்கிலத்தில் ‘ஐ வில் ஃபெட்ச் யூ’, ‘ஐ வில் சென்ட் யூ’, ‘கேன் ஐ ஃபாலோ?’ என்போம். ஊருக்குள் அதில் ஒரு குறையும் இல்லை. வெளியாட்களுக்கு ‘சென்ட் யூ’ என்றால் நீங்கள் வராமல் அவரை மட்டும் அனுப்பிவைப்பது. ‘ஃபாலோ’ என்றால் பின்னாலேயே தொடர்ந்து வருவது. அவர்களிடம் ‘ஐ’ல் பிக் யூ அப் அட் செவன்’, ‘ஐ’ல் டிராப் யூ ஆஃப் அட் த ஹோட்டல்’, ‘கேன் ஐ கம் அலாங்?’ என்று சொல்லுங்கள். ‘யூ’ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ‘பிக்’ என்பதற்கும் ‘அப்’ என்பதற்கும் நடுவில். ‘பிக் அப் யூ’ வராது. ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர்கள் நடுவில்தான் உட்காரும். ‘த கெஸ்ட்ஸ்’ போன்ற பெயர்ச்சொல்லுக்கு இரண்டு இடமும் சரி. ஆனால் ‘கெட் ஆன் த பஸ்’ என்பதைப் பிரிக்க முடியாது, ‘கெட் ஆன் இட்’ என்றுதான் சொல்லணும். முன்னால் எந்த மோடல் வந்தாலும் இந்த உள்வரிசை மாறாது. ‘குட் யூ டிராப் மீ ஆஃப் அட் த ஜங்ஷன்?’ என்று பயணி கேட்டால், சிம்பாங்கில் இறக்கிவிடச் சொல்கிறார்.

வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு நாம் சொல்லும் ‘கோஸ்தான்’ கப்பற்காரர்களின் ‘கோ அஸ்டர்ன்’ என்ற ஆங்கிலத்திலிருந்து வந்தது, கப்பலைப் பின்னோக்கிச் செலுத்துவது. பயணியிடம் ‘ஐ’ல் ஹேவ் டு பேக் அப் எ லிட்டில்’ என்று சொன்னால் புரியும்.

‘வுட்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தோட்ட வாழ்க்கையை அந்நியருக்குச் சொல்லும் உங்கள் வேலைக்கு இதுதான் உயிர். “அந்தக் காலத்துல விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிப்பாங்க, பெரட்டுக்குப் போவாங்க, பால்மரம் வெட்டக் கிளம்புவாங்க, மதியம் பாலைத் தூக்கிட்டு வருவாங்க” என்று நம் தாத்தா பாட்டி கதை சொல்லும்போது கவனித்திருக்கிறீர்களா? (பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆட்களைக் கணக்கெடுக்கும் கூட்டம்; பால்மரம் வெட்டுவது என்றால் ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது.) எல்லாம் முடிந்துபோன காலம். ஆனால் வினைகள் எதிர்கால வடிவில் இருக்கின்றன: எழுந்திரிப்பாங்க, போவாங்க, வருவாங்க. பழைய வழக்கத்தைச் சொல்லத் தமிழ் அந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலமும் கிட்டத்தட்ட அதையே செய்கிறது. ‘வில்’ என்பதன் இறந்தகால உருவமான ‘வுட்’ அங்கே வருகிறது. ‘தே வுட் கெட் அப் பிஃபோர் டான். தே வுட் கோ அவுட் டு த ட்ரீஸ். தே வுட் கம் பேக் வித் த லேடெக்ஸ்.’ இருட்டோடு ஏன் போனார்கள் என்று கேட்டால், குளிர்ந்த விடியற்காலையில்தான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் ஓட்டம் குறையும் என்று சொல்லுங்கள். ‘தே வென்ட் அவுட்’ என்றால் ஒருநாள் போனார்கள் என்றுகூட ஆகலாம். ‘தே வுட் கோ அவுட்’ என்றால் நாள்தோறும், வருஷக்கணக்காக. பாட்டியின் ‘போவாங்க’ உங்கள் காதில் இருக்கும்வரை இந்த ‘வுட்’ தவறாது.

இப்போது பயணி திருத்திய வாக்கியத்துக்கு வருவோம். நீங்கள் சொல்ல நினைத்தது ‘அவர் வெளியே போயிருக்கணும்’. பிரித்தால் வெளியே, போய், இருக்க, ணும். திருப்பிப் போட்டால் ‘மஸ்ட் ஹேவ் கான் அவுட்’. நீங்கள் விட்டது நடுவில் இருக்கும் ‘இரு’. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘ஹேவ்’ இருக்கிறது. தமிழில் ‘போனணும்’ என்று ஒட்ட முடியாதது போலவே ஆங்கிலத்தில் ‘மஸ்ட் வென்ட்’ என்று ஒட்ட முடியாது. கடந்துபோன ஒன்றைப் பற்றி மோடலோடு பேச ‘ஹேவ்’ கட்டாயம். அதற்குப் பின் ‘கான்’, ‘கம்’, ‘காட்’, ‘டர்ன்ட்’, ‘செட்’, ‘டேக்கன்’ போன்ற மூன்றாம் வடிவம். ‘கம்’, ‘செட்’ இரண்டுக்கும் மூன்றாம் வடிவம் முதல் வடிவம் போலவே இருக்கும். நம் ‘போய்’, ‘வந்து’, ‘திரும்பி’ என்ற எச்சங்கள் செய்யும் வேலையை இந்த மூன்றாம் வடிவங்கள் செய்கின்றன.

இங்கே தமிழ் மறைத்து வைத்திருக்கும் ஒரு வேறுபாட்டை ஆங்கிலம் வெளிப்படையாகக் கேட்கிறது. “இந்நேரம் கிளம்பியிருக்கணும்” என்றால் ஊகம்: அநேகமாகக் கிளம்பிவிட்டார். “நேத்தே கிளம்பியிருக்கணும்” என்றால் வருத்தம்: கிளம்பவில்லை, தப்பாகிவிட்டது. ஒரே வினைதான், நாம் ‘இந்நேரம்’, ‘நேத்தே’ என்பதையும் குரலையும் வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘ஹி மஸ்ட் ஹேவ் செட் ஆஃப்’. இரண்டாவது ‘ஹி ஷுட் ஹேவ் செட் ஆஃப் எஸ்டர்டே’. இரண்டையும் மாற்றிச் சொன்னால் ஊகம் குற்றச்சாட்டாகிவிடும். ‘போயிருக்கலாம்’ என்பதும் இப்படித்தான். போனாரோ என்னவோ என்றால் ‘மைட் ஹேவ் கான்’. வாய்ப்பு இருந்தும் போகவில்லை என்றால் ‘குட் ஹேவ் கான்’. ‘குட்’ முதல் பொருளிலும் வரும், ஆனால் குழப்பம் வேண்டாமென்றால் ஊகத்துக்கு ‘மைட்’ வைத்துக்கொள்ளுங்கள். போயிருக்க முடியாது என்று அடித்துச் சொல்ல ‘கேன்ட் ஹேவ் கான் அவுட்’: செருப்பு வாசலிலேயே கிடக்கிறது, ஆள் வெளியே போயிருக்க முடியாது.

தெரிந்த செய்தியைச் சொல்லும்போது ‘மஸ்ட் ஹேவ்’ வேண்டாம். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கும் பழைய ரப்பர் மரத்தைக் காட்டுகிறீர்கள். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு விதைகளைக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 மறுவருடம் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் சில கோலகங்சாருக்கு வந்தன. இது பதிவான வரலாறு. அதனால் ‘த சீட்லிங்ஸ் கேம் ஓவர் இன் 1877’ என்று நேராகச் சொல்லுங்கள். ‘மஸ்ட் ஹேவ் கம் ஓவர்’ என்றால் நீங்கள் ஊகிக்கிறீர்கள் என்று அவர் நினைப்பார். “கோலகங்சாருக்கு எப்படிக் கொண்டு வந்தார்கள்?” என்று அவர் கேட்டால், பேராக் ஆற்றைப் பார்த்து, ‘தே மைட் ஹேவ் கம் அப் த ரிவர்’ என்று சொல்லலாம். அது ஊகம், ‘மைட்’ அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

கடைசியாக உச்சரிப்பு. பேச்சில் ‘மஸ்ட் ஹேவ்’ என்பது ‘மஸ்டவ்’ என்றும், ‘ஷுட் ஹேவ்’ என்பது ‘ஷுடவ்’ என்றும் சுருங்கும். அதைக் கேட்டுத்தான் பலர் ‘ஷுட் ஆவ்’ (‘ஹேவ்’ இடத்தில் ‘of’) என்று எழுதிவிடுகிறார்கள். ‘கோ அவுட்’, ‘கம் பேக்’ என்பவற்றில் பொதுவாக அழுத்தம் சின்னச் சொல்லின் மேல் விழும். ‘அவுட்’ ஓங்கும், ‘கோ’ அடங்கும். இதைவிட முக்கியமானது ‘கேன்’. சாதாரண வாக்கியத்தில் அதை வாய்க்குள் முனகுவது போல ‘க்ன்’ என்று சொல்வார்கள்: ‘யூ க்ன் கோ இன்’. நாம் நம் ஊர் வழக்கப்படி ‘கேன்’ என்று அழுத்துகிறோம், ‘கேன்ட்’ என்பதில் ‘ட்’டை விழுங்குகிறோம். அதனால் உள்ளே போகலாம் என்று நீங்கள் சொன்னது போகக் கூடாது என்று அவர் காதில் விழும், போகக் கூடாது என்றது போகலாம் என்று விழும். ‘கேன்’ முழுதாக ஒலிப்பது ‘எஸ், யூ கேன்’ என்ற குறும்பதிலில். தடை சொல்லும்போது ‘கேன்ட்’ ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். ‘நோ, சாரி, யூ ஆர் நாட் அலவ்ட் டு கோ இன்’ என்று முழுசாகச் சொல்லுங்கள். அனுமதி சொல்லும்போது ‘எஸ், கோ ஆன் இன்’ என்று கையையும் காட்டிவிடுங்கள்.